ஸ்ட்ராபெரிக்கு ஒரு பாத்தி

கொடைக்கானல் மலைச்சரிவில் மாதங்கி அம்மாவின் சிறு ஆசிரமம் இருந்தது. அவருக்கு நாற்பது வயது. சீடர் தணிகைவேலுக்கு அறுபத்தாறு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

ஐப்பசியில் ஒருநாள் தணிகைவேல் அம்மாவிடம் வந்து நின்றார்.

"ஸ்ட்ராபெரி வைக்கணும்மா. கொஞ்சம் இடம் வேணும். கீழ்க்காடு நல்ல கருப்பு மண்ணா இருக்கு."

"அங்க போன வருஷம் உருளைக்கிழங்கு நோய் வந்து வாடிப்போச்சு. அந்த நோய் ஸ்ட்ராபெரியையும் பிடிக்கும். மேல வைங்க."

"மண்ணைப் பார்த்தா நோய் தெரியலையே?"

"தெரியாது. அப்படியே வருஷக்கணக்கா கிடக்கும்."

மேல் மூலை வெறும் கல்லும் கோரையும். தணிகைவேல் கல் பொறுக்கினார். கோரைக்கிழங்கைத் தோண்டித் தோண்டி எடுத்தார். மக்கிய சாணத்தைக் கலந்து, மழைத்தண்ணீர் தேங்காதபடி பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினார். இருபது நாள் ஆனது. கை கொப்பளித்தது.

மாதங்கி அம்மா பாத்தியோரம் வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு ஐயா இவ்வளவு பாடு?"

"என் மக கயற்கண்ணிக்கு. தை மாசம் வர்றா." அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "பத்து வயசுல வீட்டுக்குப் பின்னால நாலு ஸ்ட்ராபெரிச் செடி வச்சிருந்தா. முதல் காய் சிவக்கப் போற நேரம். கணக்குல ஃபெயிலாயிட்டா. அவ கண்ணு முன்னாலயே நாலையும் பிடுங்கி எறிஞ்சேன்."

"அழுதாளா?"

"இல்ல. அழுதிருந்தா தேவலை. அன்னைக்கு அப்புறம் அவ என்கிட்ட எதையுமே கேட்டதில்லம்மா. ஒரு பென்சில்கூட."

மேகம் இறங்கிப் பாத்தியை மூடியது. தணிகைவேல் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அவ அம்மா செத்தப்ப வந்தா. நான் செஞ்சது தப்புன்னு அன்னைக்காவது சொல்லிடணும்னு கிட்ட போனேன். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு நின்னுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'ஆச்சுப்பா'ன்னா."

தணிகைவேல் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினார்.

"மண் சரியா இருக்காம்மா?"

மாதங்கி அம்மா வாங்கி அழுத்திப் பார்த்தார். உருண்டையாகத் திரண்டது, விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"நல்லா இருக்கு. இனி செடி வைக்கலாம்."

"தையில பழுத்துடும். முதல் பழத்தை அவ கையில கொடுப்பேன்."

"கொடுத்துட்டு என்ன சொல்வீங்க?"

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? பழத்தைப் பார்த்தா அவளுக்கே புரிஞ்சிடாதா?"

மாதங்கி அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"பழம் பேசாது ஐயா."