நாற்பது வளை

சத்தியம், சத்தியம், சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்.

அந்த வருஷம் மடத்து வயலில் எலி பெருத்துப்போனது. ஒவ்வொன்றும் கீரிப்பிள்ளை கனம். கிழ எலி ஒன்று வரப்பில் நடந்தால், அதன் வால் மண்ணில் புரளாமல் இரண்டு எலிகள் தூக்கிக்கொண்டு பின்னால் வரும். கதிர் முற்றுகிற நேரம். வருஷம் முழுக்க மடத்து அடுப்பு எரிவது அந்த நெல்லை நம்பித்தான்.

எலி பிடிக்கக் காத்தான் என்பவன் வந்தான். பொழுது சாய எல்லா எலி வளையையும் சேற்றால் அடைப்பான். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி. அதற்குள் புகைப்பானையை வைத்து ஊதுவான். வளைக்குள் எலி சேர்த்த நெல், எலியைப் பிடித்தவனுக்கு. அது வழக்கம்.

அந்த வழக்கம்தான் சீடர் அம்பலவாணரை உறுத்தியது. தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, தன்னைவிட இருபது வயது இளைய குருவிடம் வந்து சேர்ந்தவர். எலி இருந்தால்தானே இவனுக்கு நெல்? முழுசாகப் பிடிப்பானா?

காத்தான் வீட்டுக்குப் போனதும் வயலில் இறங்கினார். ஒழுங்காக அடைத்திருக்கிறானா என்று ஒவ்வொரு வளையிலும் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி உள்ளே போனது. சந்தேகம் இன்னும் ஏறியது.

காலையில் நாற்பது வளையும் திறந்து கிடந்தன. காத்தானிடம் இருந்தது ஒரு பானை. அவன் இங்கே ஊத, எலி அங்கே ஓடியது. மூன்று நாள் இதே கதை.

"அவனே திறந்துவிடுகிறான் சாமி. அனுப்பிவிடலாம்," என்றார் அம்பலவாணர் குருவிடம்.

"பார்த்தீரா?"

"தினமும் சாயங்காலம் ஒரு வளை விடாமல் சோதிக்கிறேன்."

"எப்படி?"

அம்பலவாணர் பெருமையாகக் குச்சியைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் குரு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கூடைப் புளிக்குக் கொட்டை எடுக்கச் சொன்னார். கூடை காலியாவதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் திறந்திருந்தது மூன்றே வளை. காத்தான் ஊதினான். இருபத்தேழு எலி. வால் தூக்கிகளும் அதில் அடக்கம்.

அம்பலவாணர் குருவிடம் ஓடிவந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவனித்தீர்களா சாமி? நான் போகாத அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறான். இதில் என்னவோ இருக்கிறது. இவனை எப்படி நம்புவது?"

"நம்பவே வேண்டாம், அம்பலவாணரே," என்றார் குரு. "அவன் அடைத்ததைத் திறக்காமல் இரும். போதும்."



கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னவன் பெயர் மட்டும் வேண்டாம். அம்பலவாணர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.