நாக்கைக் கழற்றிய மணி

ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஒரு பித்தளை மணி இருந்தது. துறைத்தலைவர் தணிகாசலத்தின் மேசைமேல் அதற்கு இடம். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் 'டிங்' என்னும்.

அந்த 'டிங்' யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்களின் அறை. மணி அடித்ததும் அங்கே பேச்சு நின்றுவிடும். பியூன் ஆவுடையப்பன் எட்டிப் பார்த்து யாரையாவது கைகாட்டும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். கைகாட்டப்பட்டவர் போவார். "அறிக்கை எங்கே? யாரைக் கேட்டு நூலகத்துக்குப் போனீங்க?" என்று உள்ளே கேட்கும். திரும்பி வரும்போது அவர் முகம் வேறாக இருக்கும்.

ஒருநாள் அந்த ஆசிரியர் அறைக்கு ஒரு பிரஷர் மெஷின் வந்தது. கௌரவ விரிவுரையாளர் செண்பகவல்லியின் கைப்பையில் வந்தது. அவள் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"வீட்ல நார்மலாத்தான் காட்டுது மேடம். இங்க வந்தா ஏறிடுது" என்றாள்.

"கொண்டா, எனக்குப் பார்ப்போம்" என்று பக்கத்து இருக்கைப் பேராசிரியர் ஜெசிந்தா மேடம் கையை நீட்டினார். பட்டையைச் சுற்றியதும் மெஷின் சமத்தாக ஊதியது. எண்கள் நல்லபடியாக இறங்கிக்கொண்டிருந்தன. 'டிங்!' எண்கள் துள்ளிக்கொண்டு மேலே ஓடின.

"போச்சு, இது டூப்ளிகேட் மெஷின்" என்றார் ஜெசிந்தா.

மெஷினுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரும் வகுப்புக்குப் போனபிறகு தடுப்புக்கு அப்பால் குரல் கொடுத்தது. "ஏ மணி! உன்னாலே எனக்குக் கெட்ட பேரு."

"என் குரலுக்கு மரியாதை அப்படி" என்றது மணி பெருமையாக. "நான் கூப்பிட்டா பேராசிரியர்களே எழுந்து நிக்கிறாங்க, பாத்தியா?"

"நான் அவங்க கையைப் பிடிச்சுப் பாத்தவன். அது மரியாதை இல்லை. குலை நடுக்கம்."

மெஷினுக்குப் பொறாமை என்று மணி நினைத்துக்கொண்டது.

ஆசிரியர்களுக்கு அழுத்தம் அதிகம் என்ற செய்தி தணிகாசலத்தின் காதுக்கும் எட்டியது. அவர் கெட்ட மனிதர் அல்ல. உடனே நடவடிக்கை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை 'மன அழுத்தத்தை வெல்வோம்' என்று முழுநாள் பயிலரங்கு. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். வராதவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அரங்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். "அமைதியான ஒரு ஏரிக்கரையை நினைச்சுக்கோங்க" என்றார் பயிற்சியாளர். நினைத்தார்கள். ஏரியில் காற்றுகூட வீசத் தொடங்கிவிட்டது. அடுத்த அமர்வுக்கு நேரமாகிவிட்டதைத் தெரிவிக்க, கையோடு கொண்டுவந்திருந்த மணியைத் தட்டினார் தணிகாசலம்.

செண்பகவல்லி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். இரண்டடி வைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜெசிந்தா தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் படியில் விழுந்திருப்பாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா படுக்கையிலதான் போடணும். குழந்தைக்கும் ஆபத்து" என்றார் அங்கேயே வந்து பார்த்த டாக்டர்.

மணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, வேலைக்குத் திரும்பிய செண்பகவல்லியின் பைக்குள் இருந்த மெஷினைக் கூப்பிட்டது.

"அண்ணே, நான் வேணும்னு செய்யலை. தட்டுறாங்க, அடிக்கிறேன்."

"தட்டுறவருக்கும் தெரியாது, அடிக்கிற உனக்கும் தெரியாது. படுறது மட்டும் அவங்க."

மணி வெகுநேரம் யோசித்தது. பிறகு தன் நாக்கைக் கழற்றி பீரோவுக்கு அடியில் உருட்டிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தணிகாசலம் தட்டினார். 'டொக்.' மறுபடி தட்டினார். 'டொக்.' ஆவுடையப்பன் வங்கிக்குப் போயிருந்தான்.

"எழுந்து போங்களேன் சார், எனக்கும் இடுப்பு வலிக்குது" என்று சுழல் நாற்காலி முனகியது. அவர் காதில் அது 'கிறீச்' என்றுதான் விழுந்தது. வேறு வழியில்லாமல் எழுந்தார்.

பக்கத்து அறை வாசலில் அவர் தலையைக் கண்டதும் உள்ளே சிரிப்புச் சத்தம் அறுந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் தேடி வந்த ஆளைப் பார்த்தார். பெயர் வாயில் வரவில்லை.

"அம்மா... நீங்க..."

"செண்பகவல்லி, சார்" என்றார் ஜெசிந்தா. "இங்க சேர்ந்து மூணு வருஷமாச்சு."

தணிகாசலம் சங்கடத்தோடு பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த வேலை மறந்துபோயிற்று. "உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பரவாயில்லை சார். நீங்களும் ஒருதடவை பாத்துக்கிறீங்களா?" என்று செண்பகவல்லி மெஷினை நகர்த்தினாள்.

மறுக்கக் கூச்சப்பட்டுக் கையை நீட்டினார். மெஷின் ஊதியது. அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. துணைவேந்தர் அலுவலகம்.

"சார்! வணக்கம் சார்! இதோ சார், உடனே சார்!" கையில் பட்டையோடு விறைத்து நின்றார். ரப்பர் குழாய் இழுபட, மெஷின் மேசை விளிம்பில் தொங்கியது. அதில் தெரிந்த எண் அந்த அறையில் யாருக்கும் இதுவரை வராத எண்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பேசி முடித்து அவர் நிமிர்ந்தபோது, ஜெசிந்தா தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க சார். டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"கூப்பிடுறாங்களேம்மா..."

"கூப்பிடட்டும் சார். நின்னா விழுந்துடுவீங்க."

அவர் உட்கார்ந்தார். டீயை ஊதி ஊதிக் குடித்தார். மெஷினைப் பார்த்தார், செண்பகவல்லியைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா உங்களுக்கும்?" என்று மெல்லக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் ஆவுடையப்பன், "புது மணி வாங்கிட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டான்.

"வேண்டாம்ப்பா. டாக்டர் என்னைக் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லியைப் பார்க்கத் தணிகாசலம் தானே எழுந்து போனார்.

மணிகளுக்குள் செய்தி வெகு சீக்கிரம் பரவும் போலிருக்கிறது. அந்த வாரமே துணைவேந்தர் மேசையில் இருந்த மணிக்கும் தொண்டை கட்டிக்கொண்டதாகக் கேள்வி.