உதைகாலி வாங்கிய குரு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு முப்பத்துமூன்று.

குருவின் பெயர் நுவாலா. ரக்பி ஆடிக் கழுத்தில் அடிபட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தவள். சீடர் டெர்வ்லா, மாட்டு வியாபாரி. பள்ளிக்கூடத்துக்குப் பாதியில் முழுக்குப் போட்டவள். பெண்தானே என்று ஏய்க்க வந்தவர்களிடம் பட்டுப் பட்டே தொழிலைப் படித்தவள். கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

அவள் ரக்பிக்கு வந்ததே சந்தையிலிருந்துதான். பெண்கள் அணியின் வேன் ஒருநாள் சந்தைச் சேற்றில் புதைந்துவிட்டது. அணியே சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. டெர்வ்லா வந்து, தள்ளிப் போங்கடி என்று எல்லாரையும் விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தாள். வேன் மேடேறி நின்றது. ஸ்டியரிங்கில் இருந்த நுவாலா இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதானே இருப்பாய் என்று கேட்டாள்.

சில வருஷங்களில் டெர்வ்லா நாட்டின் பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டாள். நுவாலாவும் அதே அணிக்குப் பயிற்சியாளராகப் போனாள்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒரு கட்டம் உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தலைகளைக் கோத்துக்கொண்டு முட்டி நிற்பார்கள். நடுவே பந்தை உருட்டிவிடுவார்கள். பந்து உள்ளே வந்த பிறகுதான் தள்ளலாம். முன்வரிசையின் நடுவில் நிற்பவள் டெர்வ்லா. எதிரணிக்காரி காதோரம் ஒரு வார்த்தை சீண்டினால் போதும், பந்துக்கு முன்னால் இவள் பாய்ந்துவிடுவாள். விசில் ஊதும். பந்து எதிரணிக்குப் போகும். விடுவாளா, நடுவரோடு மல்லுக்கு நிற்பாள். அதற்கு மேலும் பத்து மீட்டர் பறிபோகும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் இதே கதை. கடைசியில் தேர்வுக்குழு கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. இறுதி ஆட்டத்தில் ஒரு தரம் முந்தினாலும் பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போகலாம்.

டெர்வ்லா நேரே நுவாலாவிடம் வந்தாள்.

"என்னைவிடப் பலசாலி ஒருத்தியைக் காட்டு. பிறகு ஏன் என்னால் அணி தோற்கிறது?"

நுவாலா கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கு ஒரு மாடு வேண்டும்," என்றாள்.

நுவாலா குடியிருந்தது வறுத்த மீன் விற்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில். பூனை வளர்க்கவும் இடம் கிடையாது. ஆனாலும் குரு கேட்டுவிட்டாளே. வியாழக்கிழமை சந்தைக்கு இருவரும் போனார்கள்.

நம் ஊர்ச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே வெட்டவெளியில் ஒருவர் கையை நீட்ட, மற்றவர் அதன்மேல் ஓங்கி அறைவார். அறைந்தால் பேரம் முடிந்தது. பிறகு யார் அழுதாலும் மாறாது.

டெர்வ்லா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். வாயைத் திறக்காதே, கையைப் பையிலிருந்து எடுக்காதே. அப்புறம் ஒரு கறுப்புப் பசுவை வளைய வந்தாள். பல்லைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், போனாள், திரும்பி வந்தாள். பசு உதைகாலி. அது அவளுக்கும் தெரியும், விற்க வந்த கிழவருக்கும் தெரியும். கிழவர் விலையில் இறங்கிக்கொண்டே வந்தார்.

அந்த நேரம் பார்த்து நுவாலா கையை வெளியே எடுத்து நீட்டினாள்.

கிழவர் கண் சிமிட்டுவதற்குள் அறைந்துவிட்டார்.

மாடு லாரியில் ஏறியது. டெர்வ்லாவின் தலையில் பிசாசு ஏறியது. சந்தையைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டாள். மாட்டைப் பார்த்திருக்கிறாயா நீ, உன்னைக் கூட்டி வந்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், கிழவன் இன்று ஊரையே கூப்பிட்டு விருந்து வைப்பான் என்று பொரிந்து தள்ளினாள். நுவாலா சாவகாசமாகக் கேட்டாள்.

"நான் செய்த தப்புதான் என்ன?"

"என்ன தப்பா? வேண்டியவள் முதலில் சாயலாமா? நீ சாய்ந்தால் உன் பாரம் முழுக்க அவன் கைக்குப் போய்விடும். அப்புறம் அவன் வைத்ததுதான் சட்டம். சும்மா நிற்கணும். அவனுக்கு உள்ளே அரிக்கும். அரிப்புத் தாங்காமல் அவனே சாய்வான். அப்போதுதான்..."

அவள் ஓட்டிவந்த லாரி தானாக வேகம் குறைந்து ஓரத்தில் நின்றது.

"சொல், அப்போதுதான்?" என்றாள் நுவாலா.

பின்னாலிருந்து பசு பலகையை ஓங்கி ஓர் உதை விட்டது.

இறுதி ஆட்டம். முடியச் சில நிமிஷங்களே பாக்கி. அயர்லாந்து நாலு புள்ளி பின்னால். எதிரணியின் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஸ்க்ரம். தள்ளிக் கொண்டுபோய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டால் ஐந்து புள்ளி.

தலைகள் கோத்தன. எதிரே நின்றவள் காதருகே சிரித்தாள்.

"மாட்டுக்காரி, உன் பசுவெல்லாம் உன்னைத் தேடுதாம். போகலையா?"

டெர்வ்லாவின் பிடரியில் நெருப்புப் பற்றியது. தொடை இரண்டும் பாயத் துடித்தன. குனிந்த தலைக்குக் கீழே, ஆட்களின் கால்களுக்கு ஊடே, மைதான ஓரம் தெரிந்தது. அங்கே நுவாலா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

டெர்வ்லா நின்றாள். மூச்சை விட்டாள். எதிரே நின்றவள் இன்னும் என்னவோ சொன்னாள். இவள் நின்றாள். பந்து இன்னும் வரவில்லை.

அரிப்புத் தாங்கவில்லை அவர்களுக்கு. எட்டுப் பேரும் முந்திப் பாய்ந்தார்கள்.

விசில்.

பந்து அயர்லாந்துக்கு. வேறெதுவும் வேண்டாம், மறுபடி ஸ்க்ரமே கொடுங்கள் என்று கேப்டன் கேட்டாள். மறுபடி தலைகள் கோத்தன. இப்போது பயம் அந்தப் பக்கம். இன்னொரு முறை முந்திவிடுவோமோ என்று பின்காலில் நின்றார்கள். பந்து உள்ளே உருண்டது.

அப்போதுதான் டெர்வ்லா தள்ளினாள்.

அன்றைக்குச் சந்தைச் சேற்றில் வேனைத் தள்ளினாளே, அந்தத் தள்ளு. கூட ஏழு பேர். எதிர்வரிசை முதலில் முனகியது, பிறகு நெளிந்தது, பிறகு நடந்தது, பின்பக்கமாக. அயர்லாந்து அணியில் கடைசியில் நின்றவள் கோட்டுக்கு அப்பால் பந்தின்மேல் விழுந்தாள். கூட்டம் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் முடிவு விசில் யார் காதிலும் விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும், சீண்டியவளே வந்து கை நீட்டினாள். டெர்வ்லா சந்தையில் அறைவதுபோல அதன்மேல் ஓங்கி ஒன்று அறைந்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சேறு காயாத சட்டையோடு, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நுவாலாவிடம் வந்தாள்.

"உண்மையைச் சொல். அன்றைக்கு வேண்டுமென்றேதானே கையை நீட்டினாய்?"

"உன் கொட்டகையில் கட்டிய என் மாடு கதவை உடைத்துவிட்டதாமே," என்றாள் நுவாலா.

"அது கிடக்கட்டும். நானே வாங்கிக்கொள்கிறேன். என்ன விலை?"

நுவாலா இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீ முதலில் சொல்."