பதினெட்டாவது தடி

இருட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மலைப்பாதையின் மேல் வளைவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஊ...ம்."

மாடு கத்துவது போலவும் இல்லை, ஆந்தை அலறுவது போலவும் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் இருந்துகொண்டு கத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஜெசிந்தாவின் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று.

அவள் அந்த மலை மடத்துக்கு வந்து ஒன்பது நாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை அமலியோடு, காத்தாயியிடம் பாடம் கேட்க வந்தவள். பிள்ளை பிறந்த அன்றைக்கே அவளைப் பயமும் பிடித்துக்கொண்டது. வீட்டில் ராத்திரிக்கு ஏழு தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். எட்டாவது தடவை புருஷனை எழுப்பித் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள்.

"பயம் எப்பக்கா போகும்?" வந்ததும் அதைத்தான் கேட்டாள்.

காத்தாயி அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அவ்வளவுதான். மடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். வெற்றிலை வாயோடு உரக்கச் சிரிக்கிறவள். கீழே தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் தன்னை மடத்துக்காரி என்றாள்.

"மொதல்ல காலுக்குச் சவர்க்காரம் தடவு. அட்டை ஏறுது பாரு."

அன்றைக்குக் கிடைத்த பதில் அதுதான்.

மடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் நீளமாக ஒரு பலகை. அதில் பதினெட்டுத் துளை, துளைக்கு ஒரு கைத்தடி. உச்சிக்கு யாத்திரை போகிறவர்கள் ஆளுக்கொரு தடி எடுத்துப் போகவேண்டும். இறங்கி வந்ததும் திரும்பச் செருகவேண்டும். ஏற இறங்க ஒரே பாதைதான். பதினெட்டும் வந்து சேர்ந்தால்தான் கதவுக்குத் தாழ்ப்பாள். ஒன்று குறைந்தாலும் விடியும்வரை கதவு திறந்தே கிடக்கும்.

தடி பார்க்கும் வேலை ஜெசிந்தாவுடையது. அன்று பதினெட்டும் மலையேறியிருந்தன. மழை ஓய்ந்து, ஆட்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகு பார்த்தாள். பதினேழு இருந்தது. கடைசித் துளை காலி.

யாரோ ஞாபகத்துக்கு என்று வீட்டுக்கே கொண்டுபோயிருப்பார்கள். தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டாள். திறந்த கதவுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு ராத்திரி படுப்பதா? அடுப்படிக்குப் போனாள். நேரான விறகாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்து அந்தத் துளையில் செருகினாள்.

ஓடையிலிருந்து குடத்தோடு வந்த காத்தாயி கேட்டாள்.

"தடியெல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

காத்தாயி பலகையை ஒரு பார்வை பார்த்தாள். குடத்தை இறக்கினாள். லாந்தரை எடுத்து எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"ஊ...ம்."

"அக்கா, என்னமோ கத்துது!"

"கத்துது. காதுல விழுது."

"என்னக்கா அது?"

"தடிதான் எல்லாம் வந்துருச்சே. அப்ப மனுசன் இல்ல. வேற ஏதாச்சும் இருக்கும்."

"தாழ்ப்பாள் போட்டுறட்டுமா?"

"தடி பாத்தவ நீ. நீதான் சொல்லணும்."

ஜெசிந்தா தாழ்ப்பாளைத் தொட்டாள். தள்ளவில்லை. அதற்குப் பதிலாகத் தகரத் தட்டையும் அகப்பையையும் எடுத்து, வாசலில் நின்று, வந்த மிருகம் ஓடட்டும் என்று ஓங்கி மூன்று தட்டுத் தட்டினாள்.

"ஊ...ம். ஊ...ம். ஊ...ம்."

ஜெசிந்தா இப்போது இரண்டு தட்டினாள்.

"ஊ...ம். ஊ...ம்."

ஐந்து தட்டினாள். ஐந்து வந்தது. ஐந்தாவது கொஞ்சம் மூச்சுத் திணறி வந்தது.

"அக்கா, மிருகத்துக்கு எண்ணத் தெரியுமா?"

"நான் பாத்ததுல எதுக்கும் தெரியாது."

ஜெசிந்தா தட்டைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கடைசித் துளையில இருக்கிறது தடி இல்லக்கா. விறகு."

காத்தாயி லாந்தரை ஏற்றி அவள் கையில் கொடுத்தாள். பாயில் கிடந்த பிள்ளையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போய்க் கூட்டிட்டு வா."

"நானா?"

"நான் தட்டலையே. நீ தட்டினதுக்குத்தானே பதில் வருது."

"பயமா இருக்குக்கா."

"பின்ன? அதையும் கூட்டிட்டுப் போ. தனியாப் போகாத."

லாந்தரை முழங்கையில் மாட்டி, தட்டையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு ஜெசிந்தா போனாள். பெரணி இலைகள் ஈரத்தோடு முழங்காலை உரசின. கல்லுப்படிகள் வழுக்கின. பத்துப் படிக்கு ஒரு தட்டுத் தட்டினாள். பத்துப் படிக்கு ஒரு 'ஊம்' வந்தது. இரண்டாவது வளைவில் லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள். பாறைமேல் ஒரு பருத்த மனிதர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைத்தடி. வாயில் இஞ்சி பியர் போத்தல்.

"கிட்ட வராத!" என்று அலறினார். "மனுசியா, பேயா? சொல்லிட்டு வா!"

"மனுசிதான். மடத்துல இருந்து வாறேன். நீங்க யாரு?"

"பஸ் கண்டக்டர். பேரு சன்னாசி. பேருதான் அப்படி, வீட்டுல மூணு புள்ள. வழுக்கி விழுந்து கால் பெரண்டுருச்சு. டோர்ச்சும் செத்துப்போச்சு. மிருகம் அண்டாம இருக்க இந்தப் போத்தலை ஊதிக்கிட்டு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா தங்கச்சி, கீழ ஒரு பேய் தட்டு அடிக்குது. அது எத்தனை அடிக்குதோ அத்தனை நானும் ஊதினேன். ஒண்ணு கொறைஞ்சா கோவிச்சுக்கிட்டு ஏறி வந்துருமோன்னு."

ஜெசிந்தா தட்டையும் அகப்பையையும் வெளிச்சத்தில் காட்டினாள்.

சன்னாசி தட்டைப் பார்த்தார். அவள் போத்தலைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. காடே திரும்பிச் சிரித்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு அடிச்சியே பாவி, மூச்சே போச்சு எனக்கு," என்றார். அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஒரு கை தடியிலும் ஒரு கை அவள் தோளிலுமாக அவர் நொண்டி நொண்டி இறங்கினார். வழி நெடுக, "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று பஸ்ஸில் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு வந்தார்.

மடத்து வாசலில் காத்தாயி நின்றாள். அமலி அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

காத்தாயி விறகைப் பிடுங்கினாள். சன்னாசி தம் தடியைத் துளையில் செருகினார். விறகு அடுப்புக்குப் போயிற்று. நன்றாகப் பற்றிக்கொண்டது.

"உங்களுக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"மழையில போய் வந்த தடியெல்லாம் சொட்டச் சொட்ட நிக்குது. ஒண்ணு மட்டும் காஞ்சு கெடக்குது. தெரியாமப் போகுமா?"

"பின்ன ஏன் சும்மா இருந்தீங்க?"

"சும்மாவா? லாந்தருக்கு எண்ணெய் ஊத்துனது யாரு? இன்னும் ரெண்டு நிமிசம் பாத்திருப்பேன். அப்புறம் நானே போயிருப்பேன்."

பிளேன்டீ கொதித்தது. சன்னாசி மூன்று கோப்பை குடித்தார். கடைசி வாயைத் துடைத்துக்கொண்டு, "பேய் போட்டாலும் தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிச் சுவரோரம் சாய்ந்தார். உடனே குறட்டை. அதுவும் 'ஊம்' என்றுதான் வந்தது. பெண்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பதினெட்டும் வந்தாச்சு," என்றாள் காத்தாயி. "தாழ்ப்பாளைப் போடு."

ஜெசிந்தா கதவுக்குப் போனாள். கை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"அக்கா."

"என்ன?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. போகவே இல்ல."

"ஒன்கூடத்தானே ஏறுச்சு, எறங்குச்சு? அதை மட்டும் வெளிய நிறுத்திட்டா கதவடைப்ப? உள்ள வரச் சொல்லு. அப்புறம் போடு."

ஜெசிந்தா யாருக்கோ வழி விடுவது போல ஓர் எட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள்.