கோட்டின் மேல் இட்ட முட்டை

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய் திறந்து வழக்காடிய நாட்களில், ஓர் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு காடுகள் இருந்தன. வடகரைக்கு நரி தலைமை, தென்கரைக்குக் காட்டுப்பன்றி. இரண்டு காடுகளும் பகுதிக்கு ஓர் ஆளை ஓட்டுப் போட்டுப் பொதுச் சபைக்கு அனுப்பும். சபையில் எந்தத் தலைவனுக்கு ஆள் அதிகமோ, கோடையில் ஆற்றுத் தண்ணீர் அவன் கரை சொன்னபடி.

ஒரு வருடம் நரி பகுதிகளின் எல்லையை மாற்றிப் போட்டது. தனக்கு ஆகாத மான் கூட்டத்தைத் துண்டாக்கி, எந்தப் பகுதியிலும் ஜெயிக்க முடியாதபடி சிதறடித்தது.

"அவன் செய்தால் நான் சும்மா இருப்பேனா?" என்றது பன்றி. கோரைப்பல்லால் மண்ணைக் கீறித் தன் கரையிலும் புதுக் கோடு போட்டது. பன்றிக்கு ஒருநாளும் ஓட்டுப் போடாத ஆள்காட்டிக் குருவிகள் சரளைமேட்டில் குடியிருந்தன. கோடு அந்த மேட்டைக் குறுக்கே வெட்டியது.

முட்டையிடும் பருவத்தில் இருந்த ஓர் ஆள்காட்டி நேரே பன்றியிடம் போனது.

"எங்களை ஏன் பிரித்தீர்கள்?"

"நரியை அடக்க வேண்டாமா? நம் காட்டு நன்மைக்குத்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்."

"நரி மானை மிதித்ததற்கு நீங்கள் எங்களை மிதிப்பீர்களா?"

"காலைப் போலவே நாக்கும் நீளம் உனக்கு. போய் மரத்தில் கூடு கட்டு."

ஆள்காட்டி மரத்துக்குப் போகவில்லை. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, அந்தக் கோட்டின் மேலேயே முட்டையிட்டு உட்கார்ந்தது. கோட்டை ஆழமாக்க வந்த பன்றியின் முகத்துக்கு நேரே பாய்ந்து கத்தியது. பன்றி நிற்கவில்லை. ஒரு முட்டை நசுங்கியது. ஆள்காட்டி மற்ற முட்டைகளின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு, "இதையும் மிதி பார்க்கலாம்!" என்றது.

அந்தக் கத்தலைக் கேட்டு முயல்கள் ஓடிவந்தன. அதுவரை பன்றிக்கே ஓட்டுப் போட்டவை. நசுங்கிய முட்டையைப் பார்த்ததும் அவற்றின் மனம் மாறிவிட்டது. எல்லாப் பகுதியையும் பிடிக்கும் பேராசையில் பன்றி தன் இனத்தையும் மெலிசாகப் பரப்பி வைத்திருந்தது. அடுத்த ஓட்டில் முயல்கள் கைவிட்டதும் அதற்கு ஓரிடம்கூடத் தேறவில்லை. அக்கரையில் மான்களும் அதே குரலை எடுத்தன. நரிக்கு ஓட்டுப் போட்டவையும் மான்கள் பக்கம் சாய, நரியும் அப்படியே கவிழ்ந்தது.

புதிய சபை கோடுகளை அழித்தது. "உன் மேட்டைச் சுற்றி வேலி போட்டுத் தருகிறோம்" என்றது.

"வேலியும் கோடுதான். வேண்டாம்" என்றது ஆள்காட்டி.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடும் கட்டாமல், மறைவும் தேடாமல், வெறுந்தரையில் முட்டையிடுகிறது. வருவது யானையே ஆனாலும், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி ஊருக்கே காட்டிக்கொடுக்கிறது.