கிளியைக் கொடுத்துவிட்ட கரடி

ஈச்சங்குளத்தை ஒட்டிய பாறைக் குகையில் மூக்கன் என்ற கரடி தனியாக வாழ்ந்து வந்தது. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவும் அதற்கு ஆள் கிடையாது.

ஒரு பங்குனி மாதம், கோடை மழையோடு சூறைக்காற்றும் அடித்தது. குளக்கரை மருதமரம் முறிந்து விழுந்தது. அதன் பொந்தில் இருந்த கிளிக்குஞ்சு ஒன்று சேற்றில் கிடந்து கத்தியது. அதன் ஒரு பக்க இறக்கை ஒடிந்து தொங்கியது.

"அழாதே, அழாதே! நான் இருக்கேன்!" என்று மூக்கன் அதைக் கையில் ஏந்திக் குகைக்குக் கொண்டுவந்தது.

பழத்தை மென்று கூழாக்கி ஊட்டியது. குளிர் அடித்தால் தன் நெஞ்சு முடிக்குள் வைத்துக்கொண்டது. குஞ்சு பிழைத்தது. இறக்கை கொஞ்சம் கோணலாகவே கூடியது. கிளைவிட்டுக் கிளை தாவலாம். தொலைதூரம் பறக்க முடியாது. மூக்கு சிவந்து வந்தபோது, மூக்கன் அதற்குப் பவளம் என்று பெயர் வைத்தது.

அதன்பின் குகையே மாறிப்போனது. பொழுது விடிந்ததும் பவளம் மூக்கனின் தலைமேல் ஏறி நின்று, "மூக்கா! எழுந்திரு! சூரியன் வந்தாச்சு, நீ இன்னும் வரலை!" என்று கத்தும். காட்டுக்குப் போனால் தோளில் உட்கார்ந்துகொண்டு கூடவே வரும். கரடியின் காதுக்குப் பின்னால் இருக்கும் உண்ணிகளைப் பொறுக்கி எடுக்கும். அந்தச் சுகத்தில் மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு உறுமும்.

"எனக்குன்னு ஒரு ஆள் வந்தாச்சு!" என்று அது பார்க்கிற மிருகத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டது.

தொல்லையும் கூடவே வளர்ந்தது. மூக்கன் பரப்பிவைத்த புல் படுக்கையைப் பவளம் துண்டு துண்டாகக் கடித்து வைக்கும். பத்துப் பழம் இருந்தால் பத்தையும் ஒவ்வொரு கடி கடித்துவிட்டு எறியும். தோளில் எச்சமிடும். மூக்கன் மதியம் கண்ணயர்ந்தால் போதும், பாறையே அதிரும்படி கீச்சிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. பவளம் கேட்டதைக் கேட்டபடி சொல்லும். எதை எங்கே சொல்லலாம் என்று அதற்குத் தெரியாது. மூக்கன் பேசியது எல்லாமே அதற்கு நல்ல பேச்சுதான்.

ஒருமுறை மூக்கன், "மூணாவது பாறைக்குப் பின்னாடி பெரிய தேன்கூடு இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே!" என்றது. மறுநாள் பவளம் குளக்கரையில் உட்கார்ந்து, "மூணாவது பாறைக்குப் பின்னாடி பெரிய தேன்கூடு இருக்கு! யார்கிட்டயும் சொல்லிடாதே!" என்று எல்லோருக்கும் சொன்னது. குரங்குக் கூட்டம் முந்திக்கொண்டது. மூக்கனுக்கு மிஞ்சியது வெறும் மெழுகு. அன்று அது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

குளத்தின் அக்கரையில் அய்யாக்கண்ணு என்ற, நிலத்தில் வாழும் வயதான கட்டாமை வசித்தது. மாதம் ஒருமுறை மூக்கனைப் பார்க்க வரும். அரை நாள் நடந்தால்தான் குகைக்கு வந்து சேர முடியும். அதனால் வந்தால் இரண்டு நாள் இருந்து, பழைய கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் போகும்.

போன முறை ஆமை கிளம்பிப் போனதும் மூக்கன் அலுப்போடு முணுமுணுத்திருந்தது. பவளம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை அய்யாக்கண்ணு பக்கத்துப் புதரில் இரவு தங்கிவிட்டு, காலையிலேயே குகை வாசலுக்கு வந்தது.

"தம்பி மூக்கா, சௌக்கியமா?"

மூக்கன் வாயைத் திறப்பதற்குள் பவளம் முந்திக்கொண்டது. மூக்கனின் கட்டைக் குரலிலேயே சொன்னது: "வந்தா நகரவே மாட்டான் இந்தக் கிழட்டு ஆமை! கால்ல பசை தடவியிருக்கானா?"

அய்யாக்கண்ணு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வெளியே நீட்டியது. அதன் கண் கலங்கியிருந்தது.

"நான் வர்றேன், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

ஆமை நடையாயிற்றே! வாசலைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மூக்கன் அதன் முதுகைப் பார்த்தபடி நின்றது. "இருங்க அண்ணே" என்று அது கூப்பிடவில்லை.

ஆமை புதருக்குள் மறைந்ததும் மூக்கனின் வெட்கமெல்லாம் கோபமாக மாறியது.

"அறிவிருக்கா உனக்கு? என் மானத்தை வாங்கிட்டியே!"

"நீதானே சொன்னே?" என்று பவளம் தலையைச் சாய்த்துக் கேட்டது.

"பேசாதே! இனி உன்னோடு ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது!"

அப்போது அந்தப் பக்கமாக ஒரு மரநாய் வந்தது. இரவெல்லாம் சுற்றிவிட்டு, பகலில் தூங்குவதற்காகத் தன் பொந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நின்று காதைத் தீட்டிக்கொண்டது.

"என்ன கரடியாரே, காலையிலேயே இவ்வளவு கோபம்?"

"இந்தக் கிளியால எனக்கு நிம்மதியே போச்சு!"

"ஐயோ பாவம்! எனக்கோ பேச்சுத்துணைக்கு ஆளே இல்லை. என்கிட்ட கொடுங்களேன், கண்ணாட்டம் வளர்க்கிறேன்!"

மூக்கன் தயங்கியது. "நீ பறவை தின்கிறவனாச்சே?"

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு! இப்போ பழம் மட்டும்தான்!"

மரநாயின் மீசையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. மூக்கன் அதைப் பார்த்தது. பார்த்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நம்பினால் தொல்லை தீரும். அதனால் நம்பிவிட்டது.

"போ, பவளம். இவர்கூடப் போ."

"நீயும் வர்றியா?"

"நீ முன்னாடி போ. நான் அப்புறம் வர்றேன்."

பவளம் சந்தோஷமாக மரநாயின் முதுகில் தாவி உட்கார்ந்தது.

வழியில் அய்யாக்கண்ணு இன்னும் நடந்துகொண்டிருந்தது. மரநாய் வருவதைப் பார்த்து, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மரநாய் அதைக் கல் என்று நினைத்துத் தாண்டிப் போனது.

"எனக்குப் பசிக்குது. சாப்பாடு எப்போ?" என்று கேட்டது பவளம்.

மரநாய் கொட்டாவி விட்டது. "இப்போ தூக்கம் கண்ணைச் சுத்துது. பொழுது சாயட்டும், சாப்பாடு உண்டு. யாருக்குன்னு அப்போ தெரியும்!" என்று சொல்லிச் சிரித்தது. பவளமும் கூடச் சேர்ந்து சிரித்தது.

ஓட்டுக்குள் இருந்த ஆமைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'அவன் கிளி, அவன் பாடு. என்னைக் கிழட்டு ஆமைன்னு சொன்னவன்தானே!' என்று முதலில் நினைத்தது. ஆனால் அந்தக் கிளியின் சிரிப்பு அதன் காதை விட்டுப் போகவில்லை. 'சின்னஞ்சிறுசு. சாகப்போறது தெரியாம சிரிச்சுக்கிட்டுப் போகுதே!'

அய்யாக்கண்ணு திரும்பியது. குகையை நோக்கி நடந்தது. இறங்கும்போது சறுக்கி வந்த பாறைச் சரிவில் ஏற முடியாது, குளக்கரை வழியாக நெடுந்தூரம் சுற்றித்தான் போக வேண்டும். தன் வாழ்நாளில் அது அவ்வளவு வேகமாக நடந்ததே இல்லை. அப்படியும் ஓர் எறும்பு வரிசை அதை முந்திக்கொண்டு போனது. வெயில் உச்சிக்கு ஏறியது. குளத்துத் தண்ணீர் பக்கத்திலேயே பளபளத்தது. குடிக்க நின்றால் நேரமாகிவிடும் என்று நிற்காமல் நடந்தது.

குகையில் மூக்கன் கையையும் காலையும் நீட்டிப் படுத்தது. "அப்பாடா! என்ன அமைதி!" என்றது. நன்றாகத் தூங்கியது.

மதியம் எழுந்து ஒரு நாவல்பழத்தை எடுத்தது. அதன் கொட்டையை நீக்கி, சதையைப் பிய்த்து ஓரமாக வைத்தது. அடுத்த பழத்தையும் அப்படியே செய்தது. அதன்பிறகுதான் யாருக்காகப் பிய்த்து வைக்கிறோம் என்று உறைத்தது. கையிலிருந்த பழத்தை அப்படியே வைத்துவிட்டது.

"நல்ல இடத்துலதான் கொடுத்திருக்கேன்" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தது. குகை அந்தப் பேச்சைத் திருப்பிச் சொன்னது. கேட்க அதற்கே பிடிக்கவில்லை.

வெயில் மஞ்சளாகத் தொடங்கிய நேரத்தில் அய்யாக்கண்ணு வாசலில் வந்து விழுந்தது. அதற்கு மூச்சு இரைத்தது.

"அண்ணே! என்னை மன்னிச்சிடுங்க, நான்…"

"அதெல்லாம் அப்புறம்! ஓடு! மரநாய் பொழுது சாய்ஞ்சதும் உன் கிளியைத் தின்னப்போறான்! என் காதால கேட்டேன்!"

மூக்கன் எழுந்து ஓடியது. முள் குத்தியது தெரியவில்லை. கல் இடறியது தெரியவில்லை. யானைத்தடத்தைத் தாண்டினால் ஒரு முதிர்ந்த இலுப்பை மரம். அதன் உச்சியில்தான் மரநாயின் பொந்து இருப்பது மூக்கனுக்குத் தெரியும். சூரியன் மலைமேல் ஒரு முழ உயரத்தில் நின்றது.

மரத்தடியில் நின்று மூக்கன் காதைக் கொடுத்துக் கேட்டது. ஒரு சத்தமும் இல்லை!

காலையில் எந்த அமைதிக்காக ஏங்கியதோ, அதே அமைதியை இப்போது அதனால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருக்கத் தெரியாத கிளி அது. அது பேசவில்லை என்றால்…

"பவளம்!"

மூக்கன் மரத்தைச் சுற்றி வந்தது.

"பவளம்! நான் மூக்கன்! வந்துட்டேன்!"

இலைகள் மட்டும் அசைந்தன. மூக்கன் பொந்தையே அண்ணாந்து பார்த்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது மேலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "மூக்கா…"

பவளம் பொந்தின் ஆழத்தில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே இறைந்து கிடந்த மைனா இறகையும் புறா இறகையும் பார்த்தபோதே அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு மரநாய் தூங்கியது. அதை எழுப்பிவிடக் கூடாது என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தது.

மூக்கன் சரசரவென்று மரத்தில் ஏறியது. மரநாய் விழித்துக்கொண்டு பல்லைக் காட்டியது.

"கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறதா? இது என்ன நியாயம்? இது என் பொருள்!"

"அது பொருள் இல்லடா! அது என் பவளம்!"

மரநாய் சட்டென்று உள்ளே திரும்பிக் கிளியைக் கவ்வப் பாய்ந்தது. பவளம் அதன் மூக்கை நறுக்கென்று கடித்தது. மரநாய் அலறிக்கொண்டு பின்வாங்கிய நொடியில், மூக்கனின் கை அதன் வாலைப் பிடித்து வெளியே இழுத்து வீசியது. கீழே புதரில் விழுந்த மரநாய் எழுந்து ஓடியது. அதன்பிறகு ஈச்சங்குளத்துப் பக்கம் அதை யாரும் பார்க்கவில்லை.

"வா, கண்ணு! வீட்டுக்குப் போகலாம்!" என்று மூக்கன் கையை நீட்டியது.

பவளம் வரவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டது.

"அப்புறம் வர்றேன்னு சொன்னியே. வரலை."

மூக்கன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டது. கிளையிலேயே உட்கார்ந்தது.

"பொய் சொல்லித்தான் அனுப்பினேன்" என்றது. "ஆமையண்ணனைப் பத்திப் பேசினதும் நான்தான். நீ என் பேச்சைத்தான் பேசினே. என் மேல வரவேண்டிய கோபத்தை உன் மேல கொட்டிட்டேன். நீ வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

பிறகு பவளம் நகர்ந்து நகர்ந்து வந்தது. மூக்கனின் தோளில் ஏறியது. அதன் காதை வலிக்கும்படி ஒரு கடி கடித்தது.

"ஆ!" என்று கத்திய மூக்கன், அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் அந்தக் கடியோடு இறங்கிவிட்டது போலிருந்தது.

இரண்டும் குகைக்குத் திரும்பியபோது, அய்யாக்கண்ணு வாசலைவிட்டு நகராமல் காத்திருந்தது. கிளியைப் பார்த்ததும், "அப்பாடா! வந்துட்டியா!" என்று கழுத்தை முழுக்க நீட்டியது.

மூக்கன் முதலில் ஆமைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. பிறகு அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றது.

"அண்ணே, நான் முதுகுக்குப் பின்னால பேசினது தப்பு."

"தப்புதான். நான் இருக்கிறது தொல்லையா இருந்தா, என் முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"இப்போ சொல்றேன் அண்ணே. நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஒரே யானைக் கதையை நாலு தடவை கேட்கத்தான் முடியலை!"

ஆமை கழுத்தைச் சாய்த்தது. "நாலு தடவையா சொல்லிட்டேன்?" என்றது. பிறகு ஓடு குலுங்கச் சிரித்தது. அந்த முறை அது மூன்று நாள் தங்கியது. யானைக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னது.

பவளம் அதன்பிறகும் படுக்கையைக் கடித்தது, பழத்தைச் சிதறடித்தது, தோளை அசுத்தம் செய்தது. மூக்கன் குளத்தில் இறங்கிக் கழுவிக்கொண்டது. மதியம் தூக்கம் வந்தால், கடித்து விளையாட ஈச்ச மட்டை ஒன்றை அதனிடம் கொடுத்துவிட்டுப் படுத்தது. வெளியில் சொல்லக் கூடாத பேச்சை வீட்டுக்குள்ளும் பேசாமல் இருக்கப் பழகியது. அதுதான் அதற்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பழகியது.

ஓர் உயிருக்கு நம்பிக்கை கொடுத்து அதை வளர்க்கிறவர், அதன் கொஞ்சலை ஏற்பதுபோலவே அதன் தொல்லையையும் ஏற்க வேண்டும். தன் குற்றத்துக்காக ஒருபோதும் அதைக் கைவிடக் கூடாது.