நீலமேகம் வாங்கிய கன்ட்ரோலர் கார்டு

"டீச்சர், இந்தக் கார்டு டூப்ளிகேட். வித்தவன் திருடன். ரெண்டையும் உங்க வாயால ஒருதடவை சொல்லிருங்க."

நீலமேகம் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். கழற்றிய செருப்பை வாசலில் விடாமல் கையோடு கூடத்துக்கே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் விட்டால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவானாம்.

பிலோமினா டீச்சர் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளை அடுக்கி, வீட்டிலேயே சர்வர் என்று ஒன்றை ஓட்டிக்கொண்டு அல்லாடுகிற கூட்டம் பாளையங்கோட்டையில் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் குரு. நீலமேகம் அவரைவிட எவ்வளவோ மூத்தவர். ஆனாலும் டீச்சர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கணக்கில் தப்பு இருந்தால் சந்தேகப்படுவார். தப்பே இல்லையென்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

"கார்டைத் தாங்க அண்ணாச்சி."

தரவில்லை. கையில் பிடித்தபடியே காட்டினார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. கம்ப்யூட்டருக்குள் சொருகினால் ஏழெட்டு டிஸ்க்குகளை அதில் மாட்டலாம். புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். பெரிய கம்பெனிகள் கழற்றிப் போட்டதுதான் இந்தக் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகும். ஜங்ஷனில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற கொம்பையாவிடம் வாங்கியது இது.

"என்ன செய்யுது?"

"காலையில நல்லா ஓடும். மத்தியானத்துக்குள்ள ஒவ்வொரு டிஸ்க்கா காணாமப் போகும். எரரா வந்து கொட்டும்."

"கொம்பையாகிட்டக் கொண்டு போனீங்களா?"

"போகாம? கடை மேசையில அவன் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டு, இதைச் சொருகி சாயந்திரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுதான். ஒரு எரர் இல்ல. என் வீட்டுக்கு வந்ததும் பல்லை இளிக்குது. அப்போ இதுல என்னமோ இருக்குல்லா?"

"என்ன இருக்கு?"

"கடையில வேற கார்டை மாத்தி ஓட்டுதானோன்னு நினைச்சேன். மக விட்டுட்டுப் போன நெயில் பாலிஷை எடுத்து ஓரத்துல ஒரு பொட்டு வச்சேன். திரும்பவும் கொண்டு போனேன். அதே பொட்டு, அதே கார்டு. அங்க ஜம்முன்னு ஓடுது."

"அப்போ?"

"அப்போ பொட்டையும் காப்பியடிச்சிட்டான்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வலிமை உண்டு.

"விக்கும்போது கொம்பையா என்ன சொன்னான்?"

"அதை ஏன் கேக்கீங்க! 'கம்பெனி சர்வர் ரூம்ல ராப்பகலா ஃபேன் ஊளைக்காத்துல கெடந்த சாமான் அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது'ன்னு அளந்தான். அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு."

"அந்த டிஸ்க்ல என்ன வச்சிருக்கீங்க?"

நீலமேகம் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்தின் மறுபக்கம் இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"சொர்ணத்தோட குரல்."

சொர்ணம் அவர் மனைவி. போன ஐப்பசியில் தவறிப்போனாள்.

யாரையும் நம்பாத நீலமேகம் தன் போனில் பேசுகிற எல்லாப் பேச்சையும் ரெக்கார்டு செய்து வைக்கிறவர். எவன் என்ன பேசிவிட்டு நாளைக்கு இல்லையென்பானோ என்று. பெண்டாட்டியிடம் பேசுவதுமா என்று சொர்ணம் தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது அவள் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த டிஸ்க்குகள்தான். 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க, வாடாததா பார்த்து.' 'மாத்திரை போட்டீங்களா?' 'எங்க நிக்கீங்க, சோறு ஆறுது.' இவ்வளவுதான் பேச்சு. தினம் காலையில் காப்பி குடித்ததும் ஒன்றைப் போட்டுக் கேட்பார். கேட்டால்தான் அவருக்கு நாள் ஓடும்.

"அந்த ரெக்கார்டுக்கு இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"யாரை நம்பி?"

"மககிட்டக் குடுக்கலாமே."

"மருமகன் போட்டுக் கேப்பான்."

டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"நேத்து கொத்தமல்லியைப் போட்டேன் டீச்சர். 'வாடாததா'ன்னு வருது. அதோட நின்னு போச்சு. 'பார்த்து' வரல..."

நீலமேகத்தின் குரலும் அங்கேயே நின்றுபோனது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிஸ்க்ல உள்ளது போயிருக்காது அண்ணாச்சி. ஆனா இப்படியே ஓட்டுனீங்கன்னா போயிரும். கம்ப்யூட்டர் பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான்."

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

நீலமேகம் இன்னும் முன்னால் நகர்ந்தார். "இரும்பு பீரோவுக்குள்ள. பூட்டிருக்கேன்." இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பெட்டியில ஒரு ஃபேன் உர்ருன்னு கத்திக்கிட்டே கிடந்துச்சு. உள்ள என்னமோ இருக்குன்னு வேலைக்கு வார பொம்பளைக்குத் தெரிஞ்சிரும்லா? அதான் வயரைப் பிடுங்கிட்டேன். இப்போ மூச்சுச் சத்தம் கேக்காது."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

டீச்சர் எழுந்தார்.

"சரி, ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு பார்த்துருவோம். கார்டு பின்னால ஸ்டிக்கர்ல ஒரு நீள நம்பர் இருக்கும். அதை வாசிங்க."

"இங்க வச்சா? இவங்க காதுல விழுந்தா?"

"மாடியில தகர ரூம் இருக்கு. வாங்க."

செருப்பைப் பிரிய மனமில்லை. அந்த இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, அதையும் கையில் எடுத்துக்கொண்டே படியேறினார்.

அக்னி நட்சத்திரம், உச்சிப் பொழுது. தகர ரூமில் ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், ஒரு ஸ்டூல். டீச்சர் வெளியே, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க உள்ள இருந்து வாசிங்க அண்ணாச்சி. நான் எழுதிக்கிடுதேன்."

"கதவைச் சாத்திக்கிடுதேன்."

"சாத்திக்கிடுங்க."

"பக்கத்து மாடியில ஒருத்தன் துணி காயப் போடுதான். ஜன்னலையும் சாத்திருதேன்."

"சாத்துங்க."

உள்ளேயிருந்து நம்பர் வந்தது.

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி."

"நிறுத்திட்டேன்."

இந்த முறை கணீரென்று வந்தது. வங்கியில் கணக்கு வாசித்த வாயல்லவா, ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"மறுபடி."

வாசித்தார்.

"மறுபடி."

கண்ணில் வியர்வை இறங்கியது. நீலமேகத்துக்கு யோசனையும் ஓட ஆரம்பித்தது. சரியாகச் சொன்ன பிறகு எதற்கு மறுபடி? இந்த டீச்சரை ஒருநாள் கொம்பையா கடையில் பார்த்தோமே! ரெண்டு பேரும் கூட்டாக இருந்தால்? நம்பரை இவர் வாங்கி அவனிடம் கொடுத்தால்?

கதவில் காதை வைத்தார். டம்ளர் சத்தம். மோர் குடிக்கிறார்போல.

"மறுபடி அண்ணாச்சி!"

வாசித்தார். மூன்று எட்டாகத் தெரிந்தது. எட்டு எங்கேயோ போய்விட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தகரம் தலைக்கு மேல் படபடவென்று வெடித்தது.

"மறுபடி."

"அஞ்சு... அஞ்சா அது... அப்புறம் ஒரு எழுத்து..."

"எந்த எழுத்து?"

தலை கிறுகிறுத்தது. ஸ்டிக்கரில் பாதியைக் காணோம்.

"ஐயோ, முடியல டீச்சர்!"

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழாத குறையாகத் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். காற்று அடித்தது. டீச்சர் ஒரு டம்ளர் மோரை நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மனிதருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். நம்பர் சரிதானா?"

"இப்ப ஒருக்கா வாசிங்க."

கார்டைத் திருப்பி வாசித்தார். கணீரென்று வந்தது. ஒன்றும் விடவில்லை.

"கூடத்துல நல்லாப் பேசுனீங்க," என்றார் டீச்சர். "இங்க காத்து பட்டதும் நல்லாப் பேசுதீங்க. உள்ள போட்டுச் சாத்துனா மட்டும் பாதி எழுத்தைக் காணோம். என்னமோ இருக்குல்லா?"

பிறகு நீலமேகத்தை மேலும் கீழும் பார்த்தார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

நீலமேகத்தின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"ஐயோ, சொர்ணம்!" என்றார்.

டம்ளர் உருண்டது. கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில் தார் உருகிக் கிடந்தது. அந்த வெயிலில் மனிதர் வெறுங்காலோடு ஓடுவதை டீச்சர் மாடியிலிருந்து பார்த்தார்.

செருப்பு தகர ரூமிலேயே கிடந்தது.